மெய்ப்பு பார்த்துச் சம்பாதிக்க: டெல்டாவிலிருந்து தொடங்குபவர்களுக்கு

"வீட்டிலிருந்தே மாதம் ஐம்பதாயிரம், எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற விளம்பரத்தை நம்பி வந்திருந்தால், முதலில் அதை மறந்துவிடுங்கள். மெய்ப்பு பார்ப்பது (புரூஃப் ரீடிங்), அதாவது வெளியாகப் போகும் பிரதியில் பிழை பிடிப்பது, நிஜமான வேலை, காசும் நிஜமாகவே வரும். ஆனால் ஆரம்பத்தில் சில மாதங்களுக்குக் கைச்செலவுக்குத்தான் காணும். தமிழ் படித்துவிட்டு ஆசிரியர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருப்பவர்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் மூன்று நான்கு மணி நேரம் கிடைக்கிறவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், டிடிபி கடையில் இருந்து கண் பழகியவர்கள் ஆகியோருக்கு இது நன்றாகப் பொருந்தும். கதை ருசியில் வேகமாக ஓடிவிடுகிறவர்களுக்குக் கஷ்டம். நல்ல வாசகராக இருப்பதும் நல்ல மெய்ப்பாளராக இருப்பதும் வேறு வேறு.

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ உட்கார்ந்துகொண்டு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வேலை பார்க்க முடியுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டே, 1887இல் தம் சீவக சிந்தாமணிப் பதிப்பைச் சென்னையில் அச்சிட்டார். அதற்கும் முன்னால், 1713லேயே தரங்கம்பாடியில் தமிழ் அச்சு ஓடியிருக்கிறது. இன்றைக்கு ஒரு மடிக்கணினியும் ஓரளவு இணையமும் இருந்தால் போதும்.

என் கருத்து ஒன்றுதான், மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்: ஆங்கில மெய்ப்பு என்ற கூட்டமான வாசலில் போய் முட்டிக்கொண்டு நிற்காதீர்கள். தமிழில் தொடங்குங்கள். நம்மிடம் இருக்கும் சரக்கு அதுதான்.

எது மெய்ப்பு, எது இல்லை

எழுதி முடித்து, பக்கம் கட்டி, அச்சுக்கோ இணையத்துக்கோ போகத் தயாராக நிற்கும் பிரதியில் தவறிப்போனவற்றைப் பிடிப்பதுதான் மெய்ப்பு பார்ப்பது. எழுத்துப் பிழை, ஒற்றுப் பிழை, விட்டுப்போன வரி, இரண்டு முறை வந்துவிட்ட பத்தி, படத்துக்குக் கீழே மாறிப்போன பெயர், பொருளடக்கத்தில் 47 என்று போட்டுவிட்டு உள்ளே 49ஆம் பக்கத்தில் தொடங்கும் இயல் எல்லாம் இதில் சேரும். வாக்கியத்தை மாற்றி எழுதுவது, பத்தியை இடம் மாற்றுவது, தகவலைச் சரிபார்ப்பது ஆகியவை செம்மையாக்கம். எடிட்டிங் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். அதற்கு நேரமும் அதிகம், கூலியும் அதிகம்.

சிக்கல் என்னவென்றால், வேலை கொடுப்பவர்கள் இரண்டையுமே 'புரூஃப்' என்றுதான் சொல்வார்கள். "சும்மா ஒரு தடவை புரூஃப் பார்த்துக் கொடுங்க" என்று வந்த கோப்பைத் திறந்தால் எழுவாய் ஒரு பக்கமும் பயனிலை ஒரு பக்கமுமாகக் கிடக்கும். அதனால் விலை சொல்வதற்கு முன்னால், நடுவிலிருந்து ஐந்து பக்கம் அனுப்பச் சொல்லிப் பாருங்கள். முதல் ஐந்து பக்கம் வேண்டாம். அதை எழுதியவரே பத்து முறை படித்துச் சரிசெய்து வைத்திருப்பார்.

புதிதாக வருகிறவர்கள் பிழையை விட்டுவிடுவதைவிட, பிழை இல்லாததைத் திருத்துவதில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கதை ஒன்றில் பாட்டி "செத்த இருங்க, வந்துடுறேன்" என்கிறாள் என்றால் அது அப்படியே இருக்க வேண்டும். அதைச் "சற்று இருங்கள்" என்று மாற்றினால் எழுத்தாளர் அடுத்த முறை உங்களைக் கூப்பிடமாட்டார். ஈழத்து எழுத்தாளர் 'ரொறன்ரோ' என்று எழுதியிருந்தால் அது அவர்கள் வழக்கம். டொராண்டோ ஆக்க வேண்டியதில்லை.

கண்ணைப் பழக்குதல்

தமிழ் மெய்ப்பில் பாதி வேலை ஒற்றுதான். முழு நன்னூலும் மனப்பாடமாக வேண்டும் என்பதில்லை. அடிக்கடி வருகிற இடங்கள் கைவந்தால் பெரும்பகுதி முடிந்துவிடும்.

ஐ, கு என்ற இரண்டு உருபுகளும் வெளிப்படையாக வந்தால் வல்லின ஒற்று (க், ச், த், ப்) மிகும்: நெல்லைக் கொட்டினார், ஊருக்குப் போனார். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி ஆகியவற்றுக்குப் பின்னும் மிகும். அது, இது, எது என்பவற்றின் பின் மிகாது. 'கேட்டுக் கொடுத்தார்' என்பதில் மிகும், 'வந்து கொடுத்தார்' என்பதில் மிகாது. முன்னதில் வல்லின மெய்யை அடுத்து உகரம் வருகிறது, பின்னதில் மெல்லினத்தை அடுத்து வருகிறது. 'அறுத்த கதிர்' போன்ற பெயரெச்சத்தில் மிகாது. ஏன் இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்களிடம் 'வேலை கொடுத்தான்', 'வேலைக் கொடுத்தான்' என்ற இரண்டையும் காட்டுங்கள். முதலாமவன் முதலாளி, இரண்டாமவன் கையில் வேல் இருக்கிறது.

எல்லா இடத்திலும் ஒரே தீர்ப்பு கிடைக்காது. 'குறுவைச் சாகுபடி' என்பது இலக்கணப்படி சரி. செய்திகளில் 'குறுவை சாகுபடி' என்றே நிறையப் பார்க்கிறோம். எது உயர்ந்தது என்று வாதாடுவதற்கு நமக்குக் கூலி கிடையாது. 12ஆம் பக்கத்தில் ஒன்றும் 80ஆம் பக்கத்தில் இன்னொன்றும் வராமல் பார்ப்பதற்குத்தான் கூலி.

இன்னொரு சுலபமான விதி: ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு மெய் வராது. முயற்ச்சி, பயிற்ச்சி, அதற்க்கு எல்லாம் இந்த ஒரு விதியில் விழுந்துவிடும். அந்த ஜோரில் 'வளர்ச்சி'யில் இருக்கிற ச்சையும் வெட்டிவிடாதீர்கள். ர் என்ற எழுத்துக்குப் பின்னால் மெய் வரலாம்.

அச்சுக்கோத்த காலத்தில் இல்லாத, கணினியால் வந்த பிழைகள் தனி. 'கௌரவம்' என்பதில் ஔகாரக் குறி ஒரே குறியீடு. அது தெரியாமல் ஒற்றைக்கொம்பு போட்டு, க எழுதி, பக்கத்தில் ளகரத்தைத் தட்டி 'கெளரவம்' ஆக்கிவிடுவார்கள். திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. தேடினால் கிடைக்காது, அகர வரிசையில் இடம் மாறிப்போகும், கணினி வாய்விட்டுப் படித்தால் 'கெள' என்று படிக்கும். 'ஔவை' இப்படியே 'ஒளவை' ஆகியிருக்கும். கோப்பு கைக்கு வந்ததும் இந்த இரண்டையும் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் 'எல்லாவற்றையும் மாற்று' என்ற பொத்தானை அழுத்திவிடாதீர்கள். நம் ஊர் வாய்க்காலில் கிடைக்கும் கெளுத்தி மீன் படிக்கவே முடியாத ஏதோ ஒன்றாகிவிடும். 'ஒளி'க்கும் அதே கதிதான். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

சரி, ஒரு பத்தியை எடுத்துப் பார்ப்போம். இது நானே கட்டிய மாதிரி. இப்படி வருவது வாடிக்கை:

"கும்பகோணத்தில் நேற்று நடைப்பெற்ற விழாவில் ஏராளமானோர் கலந்துக் கொண்டனர். கோவில் சுவற்றில் எழுதப்பட்டிருந்த 300 ஆண்டு பழமையான கல்வெட்டை தொல்லியல் துறை இயக்குனர் பார்வையிட்டார். அதற்க்கு முன் பொன்னாடை போர்த்தி கெளரவிக்கப்பட்டார். விழா முடிந்ததும் கோயில் வளாகத்தில் அன்னதானம் நடந்தது."

நடைபெற்ற, கலந்துகொண்டனர், சுவரில், கல்வெட்டைத், அதற்கு, போர்த்திக், கௌரவிக்க என்ற ஏழும் கேள்விக்கு இடமில்லாத திருத்தங்கள். நேராகத் திருத்திவிடலாம். 'கோவில்' ஒரு தடவை, 'கோயில்' ஒரு தடவை வந்திருக்கிறது. இரண்டும் சரி, ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே வைக்க வேண்டும். 'இயக்குனர்' என்பதை இயக்குநர் என்று எழுதுவதே சரி என்பவர்கள் அதிகம், பதிப்பகத்தின் வழக்கம் என்ன என்று பாருங்கள்.

அப்புறம்தான் கேள்விகள். கல்வெட்டு 'எழுதப்பட்டிருந்தது' என்பதா, 'பொறிக்கப்பட்டிருந்தது' என்பதா? 300 ஆண்டு என்பது சரிதானா, முன்னால் ஓர் இலக்கம் விட்டுப்போயிற்றா? பொன்னாடை யாருக்கு? இவற்றை நீங்களாக மாற்றக் கூடாது. ஓரத்தில் குறிப்பு எழுதி எழுதியவரிடம் விட வேண்டும். குறிப்பும் குத்தலாக இருக்க வேண்டாம். "300 ஆண்டு என்பது சரியா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள் சார்" என்றால் போதும்.

பயிற்சிக்கு எங்கே போவது

சான்றிதழ் வகுப்பில் பணம் கட்டுவதற்கு முன்னால் தமிழ் விக்கிமூலத்தில் இரண்டு மாதம் உட்காருங்கள். செலவு எதுவும் கிடையாது. நாட்டுடைமையான நூல்கள் உட்பட ஏராளமான பழைய புத்தகங்களின் மின்வருடல் (ஸ்கேன்) அங்கே இருக்கிறது. கணக்குத் தொடங்கி ஒரு நூலைத் திறந்தால், ஒரு பக்கம் பழைய அச்சுப் பக்கத்தின் படம், இன்னொரு பக்கம் கணினி எழுத்துணரி (ஓசிஆர்) படத்திலிருந்து பிடித்துக் கொடுத்த எழுத்து. படத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். மெய்ப்பு பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்து முடித்தால் மஞ்சள், வேறொருவர் மறுபடி சரிபார்த்தால் பச்சை. நீங்கள் மஞ்சளாக்கியதை நீங்களே பச்சையாக்க முடியாது. இரண்டாவது கண் வேண்டும் என்ற இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தமானது.

இதில் இரண்டு லாபம். எழுத்துணரி துணைக்காலையும் ரகரத்தையும் குழப்பும், எகரத்தையும் ஏகாரத்தையும் மாற்றும். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய புத்தகங்களில் லை, ளை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை போட்டு வரும், அங்கே எழுத்துணரி இன்னும் தடுமாறும். இவற்றைப் பிடித்துப் பழகிய கண்ணுக்குச் சாதாரணக் கோப்பு ஒன்றுமே இல்லை. இரண்டாவது லாபம், நீங்கள் செய்த ஒவ்வொரு திருத்தமும் உங்கள் கணக்கின் வரலாற்றில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். 'முன் அனுபவம் உண்டா' என்று கேட்பவரிடம் அந்தச் சுட்டியைக் கொடுக்கலாம். தமிழ் நூல்களை மின்னூலாக்கி இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டமும் 1998 பொங்கல் நாளில் தொடங்கி, தன்னார்வலர்களால் நடப்பதுதான். அங்கேயும் கை கொடுக்கலாம்.

கருவிகள்

மடிக்கணினி கட்டாயம். போனில் மெய்ப்பு பார்ப்பதாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. சின்னத் திரையில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. பழைய கணினி போதும், திரை பெரிதாக இருந்தால் நல்லது.

வேர்டு கோப்பு வந்தால், செய்த மாற்றத்தையெல்லாம் தனியாகக் காட்டும் 'டிராக் சேஞ்சஸ்' போட்டுக்கொண்டுதான் ஒரு புள்ளியைக்கூடத் தொட வேண்டும். கூகுள் டாக்ஸ் என்றால் அதற்கு இணையான 'சஜெஸ்டிங்' முறை. பக்கம் கட்டிய பிடிஎஃப் என்றால் அதில் குறிப்புப் போடும் வசதியைப் பழகிக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். தட்டச்சுக்கு ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்கள் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறினால் நல்லது. வேகத்துக்காக மட்டும் சொல்லவில்லை, ஒற்று எங்கே விழுகிறது என்று விரலுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

நம் ஊர் டிடிபி கடைகளிலிருந்து வருகிற கோப்புகள் பல இன்னும் யூனிகோடில் இருப்பதில்லை. பாமினி, வானவில், டாம் என்று ஏதாவது ஒரு பழைய எழுத்துருவில் இருக்கும். உங்கள் கணினியில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்தாகத் தெரியும். பயப்பட வேண்டாம், மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் மேற்கோள் குறி, எண்கள், நடுவில் வந்த ஆங்கிலச் சொற்கள், ஸ்ரீ ஆகியவற்றை முதலில் பாருங்கள். மாற்றம் அங்கேதான் சறுக்கும்.

வாணி எழுத்துப்பிழை திருத்தி, நாவி சந்திப்பிழை திருத்தி இரண்டும் இணையத்தில் இருக்கின்றன. முதல் சுற்றுக்கு உதவும். அவை சொல்வதையெல்லாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது, ஆட்பெயரையும் ஊர்ப்பெயரையும் பிழை என்றே சொல்லும். அகராதிக்கு, க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை வாங்கி வைப்பது வீண் செலவில்லை. 2020இல் அதன் மூன்றாம் பதிப்பு வந்தது. பழைய சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இணையத்திலேயே கிடைக்கிறது.

எந்தக் கோப்பானாலும் பக்கத்தில் ஒரு நடைக் குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வெற்றுப் பக்கம் போதும்: காவிரியா காவேரியா, மயிலாடுதுறையா மாயவரமா, வாழ்த்துகளா வாழ்த்துக்களா, எண்ணா எழுத்தா. சோழர் வரலாறு எழுதுபவர்கள் தஞ்சை, தஞ்சாவூர் இரண்டையும் காரணத்தோடு மாற்றி மாற்றிப் போடுவார்கள், அதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் இந்தக் குறிப்பையும் சேர்த்து அனுப்பினால் பதிப்பகத்தார் உங்களை மறக்கமாட்டார்கள். பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதில்லை.

படிப்பது குறைந்தது இரண்டு முறை. முதல் முறை வரிவரியாக. இரண்டாவது முறை தலைப்புகள், பக்க எண்கள், படக் குறிப்புகள், பின்னட்டை மட்டும். பின்னட்டையில் பிழை வந்தால் உள்ளே நீங்கள் பிடித்த ஆயிரமும் கணக்கில் வராது. நடுவில் போனையோ கணினியையோ வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டால், விட்டுப்போன சொல் காதில் தட்டும்.

வேலை எங்கே இருக்கிறது

முதல் வேலை பெரும்பாலும் இணையத்திலிருந்து வராது, பக்கத்துத் தெருவிலிருந்து வரும். உங்கள் ஊர் டிடிபி கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள். கும்பாபிஷேகப் பத்திரிகை, தல வரலாற்றுச் சிறுநூல், பள்ளி ஆண்டு மலர், மணிவிழா மலர் என்று டெல்டாவில் அச்சுக்குப் பஞ்சமே இல்லை. உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"தங்கச்சி, அம்மன் கோயில் பத்திரிகை ஒண்ணு வந்துருக்கு. நாலே பக்கம்தான். செத்த பார்த்துக் குடும்மா."

"அனுப்புங்கண்ணே. எப்ப வேணும்?"

"இன்னிக்குச் சாயங்காலம் ஏத்தணும்."

"சரிண்ணே. உபயதாரர் பேர்ப் பட்டியலை மட்டும் அவங்க கையால எழுதிக் கொடுத்ததை போட்டோ எடுத்து அனுப்புங்க. பேரை நான் ஊகிச்சுத் திருத்த மாட்டேன்."

கடைசி வரிதான் முக்கியம். பத்திரிகையில் இலக்கணப் பிழையை யாரும் கவனிக்கமாட்டார்கள். உபயதாரர் பெயரில் ஒரு எழுத்து மாறினால் ஊரே பேசும். மூலத்தோடு ஒப்பிடாமல் பெயர், தேதி, நட்சத்திரம், தொலைபேசி எண் எதையும் விடாதீர்கள். தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தம் பாருங்கள்.

அடுத்தது ஆய்வேடுகள். 1981இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம் தஞ்சாவூரில் இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகம் திருவாரூரில். சுற்றிலும் கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, பூண்டி என்று கல்லூரிகள். ஆய்வேட்டை ஒப்படைக்கும் நேரத்தில் ஆய்வாளர்கள் மெய்ப்பாளரைத் தேடி அலைவார்கள். ஒருவருக்கு ஒழுங்காகச் செய்தால் அவருடைய நெறியாளரின் மற்ற மாணவர்களும் வருவார்கள். எல்லை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: பிழை திருத்தலாம், மேற்கோள் அடைவைச் சீராக்கலாம். இயலை எழுதிக் கொடுப்பது வேறு தொழில், அது நமக்கு வேண்டாம்.

அதற்குப் பிறகு சென்னைப் பதிப்பகங்கள், கிண்டிலில் தாமே வெளியிடும் எழுத்தாளர்கள், தமிழில் மொழிபெயர்த்ததைச் சரிபார்க்க ஆள் தேடும் மொழிபெயர்ப்பு நிறுவனங்கள், யூடியூபுக்குத் துணையுரை (சப்டைட்டில்) எழுதுபவர்கள். பதிப்பகங்களுக்கு எழுதும்போது 'வேலை கிடைக்குமா' என்று மட்டும் கேட்டு அனுப்பாதீர்கள். அவர்கள் அண்மையில் வெளியிட்ட ஒரு நூலின் இலவச மாதிரிப் பக்கங்களில் கண்ட நான்கைந்து பிழைகளைப் பணிவாகக் குறித்து, "மறுபதிப்புக்கு உதவலாம்" என்று எழுதி, கீழே உங்கள் விவரத்தைப் போடுங்கள். நாற்பது பிழை கண்டாலும் ஐந்துக்கு மேல் எழுத வேண்டாம். மீதி மானத்தை வாங்கியதாகிவிடும்.

இணையத்தில் தனி வேலை பிடித்துக் கொடுக்கும் அப்வொர்க், ஃபைவர் போன்ற தளங்களில் கணக்குத் தொடங்குவதில் தப்பில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபைவர் நீங்கள் சம்பாதிப்பதில் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும். அப்வொர்க்கில் விண்ணப்பிக்கவே 'கனெக்ட்ஸ்' என்ற டோக்கன்கள் செலவாகும், கட்டணம் தனி. அங்கே 'ஆங்கில மெய்ப்பாளர்' என்று போட்டால் உலகம் முழுவதும் உங்களுக்குப் போட்டி. 'தமிழ் மெய்ப்பு, தமிழ்–ஆங்கிலம் ஒப்பீடு' என்று போட்டால் வேலை குறைவு, போட்டியும் குறைவு. ஆங்கிலம் உண்மையிலேயே நன்றாக வருகிறது, அறிவியலோ மருத்துவமோ படித்திருக்கிறீர்கள் என்றால் ஆய்விதழ்க் கட்டுரைகளைச் செம்மையாக்கும் நிறுவனங்களின் தேர்வை எழுதிப் பார்க்கலாம். காக்டஸ், எனாகோ இரண்டும் மும்பையிலிருந்து நடப்பவை, வெளியில் இருப்பவர்களுக்கும் வேலை தருகின்றன. தேர்வு கடினம், தோற்றாலும் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

சாட்ஜிபிடி வந்தபின் மெய்ப்பாளருக்கு வேலை இருக்குமா என்று கேட்காத ஆள் இல்லை. ஆங்கிலத்தில் எளிய பிழை திருத்தும் வேலை அடிபடுவது உண்மை. தமிழில் அந்தக் கருவிகள் இன்னும் வட்டார வழக்கை நைஸாக மாற்றிவிடுகின்றன, இல்லாத சொல்லைக்கூடச் சரளமாக எழுதுகின்றன. இயந்திரம் மொழிபெயர்த்ததைப் பார்த்துச் சரிசெய்கிற வேலை கூடியிருக்கிறது. நீங்கள் அவற்றைப் பயன்படுத்துவது உங்கள் இஷ்டம். ஆனால் வெளியாகாத பிரதியை எழுத்தாளரின் அனுமதி இல்லாமல் எந்த இணையக் கருவியிலும் ஒட்டாதீர்கள். அது அவருடைய சொத்து.

கூலி கேட்பது

தமிழ்ப் பதிப்புலகில் பக்கக் கணக்கு அல்லது 16 பக்கம் கொண்ட ஃபாரம் கணக்கு. வெளிநாட்டு நிறுவனங்கள் சொல்லுக்கு இவ்வளவு என்பார்கள். அங்கேதான் ஏமாறுவோம். 'வந்துகொண்டிருந்தவர்களுக்கும்' என்பது தமிழில் ஒரே சொல். அதையே ஆங்கிலத்தில் சொன்னால் ஐந்தாறு சொல் கணக்காகும். ஆங்கிலத்துக்குப் போட்ட சொல் விலையை அப்படியே தமிழுக்குத் தலையாட்டினால் பாதிக் கூலிக்கு வேலை பார்ப்பதாகிவிடும். பக்கத்துக்கோ மணி நேரத்துக்கோ கேளுங்கள்.

எவ்வளவு கேட்பது? ஒரு மணி நேரத்தில் எத்தனை பக்கம் பார்க்கிறீர்கள் என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். சுமாரான பிரதியில் மணிக்கு எட்டுப் பக்கம் வருகிறது, மணிக்கு 200 ரூபாயாவது வேண்டும் என்று வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு 25 ரூபாய். மோசமான பிரதியில் மணிக்கு நாலு பக்கம்தான் ஓடும் என்றால் 50. இது உதாரணக் கணக்குத்தான், உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். விலை சொன்னதும் "இவ்வளவா?" என்பார்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் இறங்கலாம், இலவசமாக மட்டும் வேண்டாம். மாதிரிக்கு இரண்டு பக்கம் பார்த்துக் கொடுங்கள். "டெஸ்டுக்கு நாற்பது பக்கம்" என்று கேட்பவர் அந்த நாற்பது பக்கத்தை ஓசியில் முடித்துக்கொள்ளத்தான் பார்க்கிறார்.

எத்தனை சுற்று என்பதையும் முதலிலேயே பேசுங்கள். நீங்கள் பார்த்துக் கொடுத்தபின் எழுத்தாளர் இரண்டு இயல்களைப் புதிதாகச் சேர்த்துவிட்டு "அதே புரூஃப்தானே" என்பார். அது புது வேலை.

ஏமாற்று

பணம் கட்டினால் வேலை என்று சொன்னால் அது வேலை இல்லை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மென்பொருள் கட்டணம், திருப்பித் தரும் வைப்புத்தொகை என்று பெயர்தான் மாறும். இன்னொரு வகை கொஞ்சம் தந்திரமானது. பக்கங்களைத் தட்டச்சு செய்யவோ திருத்தவோ கொடுத்து, மின்னஞ்சலில் ஓர் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் வாங்குவார்கள். முடித்து அனுப்பியதும் "பிழை விகிதம் அதிகம், ஒப்பந்தப்படி அபராதம் கட்டு" என்பார்கள். வக்கீல் நோட்டீஸ் என்று ஏதோ ஒரு தாள் வரும், நீதிமன்றம், போலீஸ் என்று போனில் மிரட்டுவார்கள். பயந்து பணம் அனுப்பாதீர்கள். பேச்சையெல்லாம் சேமித்து வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே கூப்பிடுவது நல்லது, தாமதமானால் மீட்பது கடினம். வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு மறைப்பதுதான் அவர்களுக்கு வசதி.

மழையும் கெடுவும்

சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடக்கும். அதற்கு நூல்களைக் கொண்டுவரப் பதிப்பகங்கள் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் அரக்கப் பறக்க ஓடும். மெய்ப்பு வேலை குவிகிற காலம் அதுதான். நமக்கோ வடகிழக்குப் பருவமழையும் புயலும் அதே மாதங்களில்தான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது டெல்டாவின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அவ்வளவு பெரிதாக வராவிட்டாலும், ஒரு நாள் மின்தடையே கெடுவைக் கெடுக்கும்.

அதனால் அந்த மாதங்களில் எந்த வேலைக்கும் இரண்டு நாள் கூட்டிக் கெடு வாங்குங்கள். கோப்பைக் கூகுள் டிரைவில் மட்டும் வைக்காமல் கணினியிலும் ஒரு பிரதி வையுங்கள். வீட்டு இணையம் ஒரு நிறுவனம் என்றால் போன் சிம் இன்னொரு நிறுவனமாக இருக்கட்டும். மழை எச்சரிக்கை வந்தால் முடித்த வரைக்கும் அன்றைக்கே அனுப்பிவிட்டு, "எங்கள் பக்கம் மழை, மிச்சம் நாளை மறுநாள்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். சொல்லிவிட்டுத் தாமதித்தால் பொறுத்துக்கொள்வார்கள், சொல்லாமல் காணாமல் போனால் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

காசு கைக்கு வர

உள்நாட்டில் யுபிஐ அல்லது வங்கிக் கணக்கு, அவ்வளவுதான். பேபால் 2021 ஏப்ரலிலிருந்து இந்தியாவுக்குள் பணம் அனுப்பும் சேவையை நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து வாங்குவதற்கு மட்டும் பயன்படும். பயோனியர், வைஸ் போன்றவையும் இருக்கின்றன. எதில் வாங்கினாலும் அன்றைய மாற்று விகிதத்தையும் பிடித்தத்தையும் சேர்த்துப் பாருங்கள், சின்னத் தொகையில் கட்டணமே கணிசமாகக் கடிக்கும். வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான வங்கிச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.

பான் அட்டை கட்டாயம். நிறுவனங்கள் சில நேரம் 10 விழுக்காடு டிடிஎஸ் (கூலியிலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு தரும். அது தொலைந்த பணம் இல்லை, உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பார்த்து, கணக்குத் தாக்கல் செய்யும்போது கேட்டு வாங்கலாம். ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாதவரை சேவைகளுக்கு ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவைப்படாது. ஆரம்பத்தில் அந்தக் கவலை வேண்டாம்.

புது ஆளிடம் பாதி முன்பணம் கேளுங்கள். பெரிய வேலை என்றால் இரண்டு மூன்று தவணையாகப் பிரித்து, ஒரு தவணைக் காசு வந்தபின் அடுத்த பகுதியை அனுப்புங்கள். வேலை முடிந்த அன்றே பில் அனுப்பிவிட வேண்டும். நூலின் பெயர், பக்க எண்ணிக்கை, பக்கத்துக்குக் கூலி, மொத்தம், எந்தத் தேதிக்குள் தர வேண்டும், யுபிஐ எண் என ஆறு வரி போதும். தேதி கடந்தால் ஒரு வாரம் விட்டு நினைவூட்டுங்கள், அதிலும் பழைய பில்லையே மறுபடி இணைத்து அனுப்புங்கள். "புக் ஃபேர் முடிஞ்சதும் தர்றோம்" என்ற பதில் எப்படியும் ஒருமுறை வரும். அப்படி வந்தால் "சரிங்க சார், எந்தத் தேதி என்று போட்டுக்கொள்ளட்டும்?" என்று கேட்டு, அவர் சொல்லும் தேதியை அதே மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் அவருடைய அடுத்த நூல் வந்தால், முந்தையது தீர்ந்தபின் தொடங்குகிறேன் என்று சொல்லிவிடலாம்.